720720: வகுக்கத் தொடங்க முதல், எண்ணைப் பாருங்கள்

கேள்வி: மகள் தரம் 10. "720720 என்ற எண்ணின் இயல்புகளை ஆராய்க" என்று ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். 2, 3, 4 என்று வகுத்து வகுத்தே கொப்பியில் நாலு பக்கம் போய்விட்டது. சுருக்கு வழி ஏதும் உண்டா?
– ஒரு தாயார், மானிப்பாய்

பதில்: முதலில் பிள்ளையின் பேனையை வாங்கி வையுங்கள். இந்த எண்ணின் வர்க்கமூலம் 848இற்கும் 849இற்கும் இடையில் இருக்கிறது. இப்படியே போனால் 848 வரைக்கும் வகுக்க வேண்டி வரும்.

எண்ணைப் பாருங்கள்: 720, பக்கத்தில் திரும்பவும் 720. அதாவது 720000 + 720. மூன்று இலக்கங்களை இப்படி இரட்டித்து எழுதினால் எப்போதும் 1001இன் மடங்குதான் வரும். 1001 என்பது 7 × 11 × 13. தலையிடி தருகிற மூன்று முதன்மை எண்களும் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டன. மிச்சமான 720ஐ மகளே பிரித்துவிடுவா. ஆக,

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இனி வகுத்தலே தேவையில்லை. காரணிகள் எத்தனை? சுட்டி ஒவ்வொன்றோடும் 1ஐக் கூட்டிப் பெருக்குங்கள்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ஏன் 1ஐக் கூட்டுவது என்று மகள் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு காரணியை உருவாக்கும்போது நான்கு 2களில் நான்கையும் எடுக்கலாம், மூன்று, இரண்டு, ஒன்று எடுக்கலாம், ஒன்றும் எடுக்காமலும் விடலாம். அப்போது ஐந்து தெரிவுகள். சூத்திரத்தை மட்டும் பாடமாக்கினால் சோதனை மண்டபத்தில் மறந்துபோகும்.

240 என்பது சும்மா எண்ணிக்கை அல்ல. 720720ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. தனக்கு முந்தின எல்லாவற்றையும் காரணி எண்ணிக்கையில் முந்துகிற இந்த வகை எண்களைப் பற்றித்தான் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். ஒப்படையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

இன்னொன்று, 1 முதல் 16 வரையான எண்களின் பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) இதுதான். 17ஆல் வகுத்தால் மீதி 5. ஆனால் 18ஆல் சரியாகப் போகும். 2உம் 3²உம் உள்ளே இருக்கின்றனவே.

மிகை எண்ணா, அதாவது தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிதா என்று பார்க்க, காரணிகளின் கூட்டுத்தொகை வேண்டும். அதற்கும் அதே வரிதான்: (1+2+4+8+16) × (1+3+9) × 6 × 8 × 12 × 14 = 3249792. இதில் 720720ஐக் கழித்தால் 2529072. எண்ணைவிட மூன்று மடங்குக்கு மேல். மிகை எண்தான், சந்தேகமில்லை.

நிறைவர்க்கமா? இல்லை. 5, 7, 11, 13 ஆகியவை ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. எந்த மிகச்சிறிய எண்ணால் பெருக்கினால் நிறைவர்க்கமாகும் என்பது வினாத்தாளுக்குப் பிடித்த கேள்வி: அந்த நான்கின் பெருக்கம், 5005. பெருக்கிவருவது 60060இன் வர்க்கம். இதை மட்டும் கல்குலேற்றரில் சரிபார்க்க விடுங்கள்.