அப்டேட் போட்ட பிறகு கியர் ஏன் வேறு மாதிரி விழுகிறது?

கேள்வி: என் காருக்கு மூன்று வயது, 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. கியர் மாறுவதே இதுவரை தெரிந்ததில்லை. போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது, நான் கேட்காமலே கியர்பாக்ஸுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு மாற்றம். முன்பு வேகம் 40-ஐத் தொட்டதும் நாலாவது கியர் விழுந்துவிடும். இப்போது 48, 50 வரை மூன்றிலேயே இழுக்கிறது, காலையில் இன்னும் மோசம். அப்புறம், சிக்னலில் மெதுவாக நிற்கப்போகும்போது கடைசி நொடியில் யாரோ பின்னாலிருந்து தட்டியது போல 'டொக்' என்று ஓர் இடி. கேட்டால் "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்கிறார்கள். பேட்டரி வயரைக் கழற்றி அரை மணி நேரம் விடச் சொல்கிறார் மைத்துனர். பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போடச் சொல்லலாமா? இனி அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு மாற்றமும் ஒரே நாளில் வந்திருந்தாலும் இரண்டுக்கும் காரணம் வேறு. மூன்றாவது கியரைப் பிடித்து வைப்பது அநேகமாக வேண்டுமென்றே செய்தது. எவ்வளவு ஓட்டினாலும் அது மாறாது. அந்த 'டொக்' அப்டேட்டின் பக்கவிளைவு, பெரும்பாலும் போய்விடும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று உங்கள் கையில் கொடுத்ததுதான் அவர்கள் செய்த பிழை.

கியர்பாக்ஸை நடத்தும் கணினிக்கு எந்நேரமும் இரண்டு வேலை. கியரை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பது ஒன்று, எப்படி மாற்றுவது என்பது இன்னொன்று.

'எப்போது' என்பது தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்த அட்டவணை. ஆக்சிலரேட்டர் இவ்வளவு அழுந்தியிருந்து வண்டி இவ்வளவு வேகத்தில் போனால் அடுத்த கியர் என்று கணக்கு. மேலே ஏறும் வேகமும் கீழே இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்காது. 48-ல் நாலுக்குப் போகும் வண்டி, உதாரணத்துக்கு, 36-க்கு வந்த பிறகுதான் மூன்றுக்கு இறங்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் 47-க்கும் 49-க்கும் இடையே ஊசலாடும் சாலையில் கியர் மூன்றா நாலா என்று தத்தளித்துக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் சாலையின் ஏற்றம், ஆயிலின் சூடு, பிரேக், ஸ்டீயரிங் திரும்பியிருக்கும் கோணம் என்று பல திருத்தங்கள். இறக்கத்தில் நீங்கள் பிரேக்கைத் தொட்டதும் வண்டி தானாக ஒரு கியர் இறங்கி, இன்ஜினைக் கொண்டே வேகத்தைப் பிடித்து வைப்பது இப்படித்தான்.

உங்கள் வண்டியில் மாறியது இந்த அட்டவணை என்றுதான் நினைக்கிறேன். கம்பெனிகள் இதை மாற்றப் பல காரணம் உண்டு. நாலாவது கியருக்குச் சீக்கிரம் போனால் எரிபொருள் மிச்சம். ஆனால் இன்ஜின் 1,200 ஆர்பிஎம் பக்கத்தில் முக்கிக்கொண்டு ஓடும். இன்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். அந்த நேரத்தில் அதற்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் நேராகப் பூட்டிப் பிடித்தால் வண்டி லேசாக அதிரும். கியர் தத்தளிக்கிறது என்று நிறையப் பேர் புகார் சொல்லியிருக்கலாம். புகை விதிக்காகவும் மாற்றியிருக்கலாம். உங்களுக்குப் போட்டது எதற்காக என்பதை ஊகிக்க வேண்டாம். பொதுவாக ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பும். அதில் என்ன காரணம் போட்டிருக்கிறது என்று நேராகக் கேளுங்கள்.

காலையில் இன்னும் மோசம் என்கிறீர்களே, அது அப்டேட்டுக்கு முன்பும் ஓரளவு இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். புகைக்குழாயில் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்க, குளிர்ந்த இன்ஜினைக் கொஞ்ச நேரம் அதிக ஆர்பிஎம்மில் ஓடவிடுவது ஏறக்குறைய எல்லா ஆட்டோமேட்டிக்கிலும் உள்ள பழக்கம்.

இது அட்டவணைதான், கோளாறு இல்லை என்று உறுதி செய்ய ஒரு சுலபமான வழி: இருபது நிமிடம் ஓட்டி ஆயில் சூடான பிறகு, சமமான ஒரே சாலையில், ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் அழுத்தி வைத்து நாலைந்து முறை வேகம் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே 48, 50-ல் கியர் விழுந்தால் அது எழுதி வைத்த கணக்கு. நோய் வந்த கியர்பாக்ஸுக்கு இவ்வளவு காலம் தவறாமை கிடையாது.

சரி, அந்த 'டொக்'குக்கு வருவோம். இது 'எப்படி' என்ற வேலையைச் சேர்ந்தது.

8 ஸ்பீடு என்றால் உள்ளே எட்டு கிளட்ச் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2009-ல் வந்து, பல கம்பெனி கார்களில் இன்றும் ஓடும், இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 8எச்பி கியர்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச், பிரேக் (காலால் அழுத்துவது அல்ல, உள்ளே ஒரு பாகத்தைச் சுற்றவிடாமல் பிடித்து வைப்பது) எல்லாம் சேர்த்து பிடிக்கிற உறுப்புகள் அதில் மொத்தமே ஐந்து. எந்த கியரிலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். அடுத்த கியர் என்றால் ஒன்று விட வேண்டும், இன்னொன்று பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைமாற்றம் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். புதியது முந்திக்கொண்டு பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து வண்டி உதறும். பழையது முந்திக்கொண்டு விட்டால் பிடிப்பாரில்லாமல் இன்ஜின் 'வ்வ்ரூம்' என்று ரேஸ் ஆகும்.

இதில் கஷ்டமான பகுதி எது தெரியுமா? கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவே சின்ன இடைவெளி உண்டு. ஆயில் உள்ளே பாய்ந்து பிஸ்டனைத் தள்ளி அந்த இடைவெளியை அடைத்த பிறகுதான் பிளேட்டுகள் ஒன்றையொன்று தொடும். அந்த ஆயில் எவ்வளவு, எத்தனை மில்லி நொடி என்பது கியர்பாக்ஸுக்குக் கியர்பாக்ஸ் வேறுபடும். பிளேட் தேயத் தேயவும் மாறும். அதனால் கணினி ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே வரும் தண்டின் வேகத்தையும் வெளியே போகும் தண்டின் வேகத்தையும் அளந்து, "போன தடவை கொஞ்சம் அதிகம் போய்விட்டது, அடுத்த தடவை குறைக்கலாம்" என்று தனக்குள் குறித்து வைத்துக்கொள்கிறது. 48,000 கி.மீ. ஓட்டத்தில் உங்கள் வண்டி அப்படி ஒரு நோட்டுப் புத்தகமே எழுதியிருக்கும். கியர் மாறுவது தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அந்த நோட்டுதான். அப்டேட் போடும்போது பல வண்டிகளில் அது அழிந்துவிடுகிறது. தொழிற்சாலையின் சராசரி அளவிலிருந்து வண்டி மறுபடி தொடங்குகிறது. உங்கள் தோளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான சைஸில் ஒன்றை மாட்டியது போல.

அது ஏன் நிற்கும்போது மட்டும் தெரிகிறது? மற்ற இடங்களிலும் லேசாக இருக்கும். ஆனால் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதுதான் மறைக்கவே முடியாத இடம். நான் சொன்ன அந்த கியர்பாக்ஸில் வெளியே போகும் தண்டு ஒரு சுற்று சுற்ற, உள்ளே வரும் தண்டு இரண்டாவது கியரில் சுமார் 3.1 சுற்றும், முதல் கியரில் சுமார் 4.7 சுற்றும் சுற்ற வேண்டும். அதாவது வண்டி கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும்போது உள்ளே வரும் தண்டு திடீரென ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். அதே சமயத்தில் இன்னொன்றும் நடக்கிறது. காலை எடுத்துவிட்டு உருண்டு வரும்போது இன்ஜினுக்கு எரிபொருள் நின்றிருக்கும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஐடில் வேகத்தை நெருங்கும்போது எரிபொருள் திரும்ப வரும், இன்ஜின் சக்கரத்தைத் தள்ள ஆரம்பிக்கும். விசையின் திசை தலைகீழாகிறது. பற்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாவுகிறது. கைமாற்றமும் இந்தத் தாவலும் ஒரே கணத்தில் விழுந்தால் நீங்கள் கேட்ட 'டொக்'.

நோட்டுப் புத்தகம் மறுபடி எழுதப்படும். ஆனால் எப்படி ஓட்டினாலும் எழுதப்படாது. ஆயில் நன்றாகச் சூடாகி, ஆக்சிலரேட்டர் லேசாக, ஆடாமல் இருக்கும்போதுதான் பெரும்பாலான கணினிகள் பாடம் படிக்கும். பத்து நிமிடத்தில் முடிகிற ஓட்டமும், அழுத்தி விட்டு அழுத்தி விட்டு நகரும் நெரிசலும் அதற்கு வகுப்பறை ஆகாது. "ஓட்ட ஓட்டச் சரியாகும்" என்ற பேச்சை நம்பி ஆறு மாதம் இடியோடு ஓட்டுபவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே ஒரு நாள் நேரம் ஒதுக்குங்கள். அரை மணி ஓட்டி வண்டியைச் சூடாக்கி, காலியான சமமான சாலைக்குப் போங்கள். நின்ற நிலையிலிருந்து ஆக்சிலரேட்டரைக் கால் பங்கு மட்டும் அழுத்தி, அசைக்காமல் வைத்து 70, 80 வரை போங்கள். பிறகு காலை எடுத்துவிட்டு உருளவிட்டு, கடைசியில் மெல்ல பிரேக் பிடித்து முழுதாக நிறுத்துங்கள். நின்ற பிறகு சில நொடி பிரேக்கிலேயே இருங்கள். இதைப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். நடுவில் ஐந்தாறு தடவை காலை இன்னும் கொஞ்சம் அதிகமாகவும் வைத்துப் பாருங்கள். ஈகோ, ஸ்போர்ட் எதுவும் வேண்டாம், சாதாரண டிரைவ் போதும். பத்தாவது முறைக்குள்ளேயே வித்தியாசம் தெரிய ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். "வண்டி ஓட்டுநரின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும், வேறு யாராவது ஓட்டினால் கெட்டுப்போகும்" என்பார்கள். நீண்ட நாள் சேர்த்து வைப்பது கிளட்ச் பற்றிய குறிப்புகளைத்தான். நீங்கள் வேகமாக ஓட்டுபவரா, நிதானமா என்பதைப் பெரும்பாலான வண்டிகள் அப்போதைக்கப்போது கணித்துவிட்டு மறந்துவிடும். மைத்துனர் ஒரு நாள் ஓட்டியதால் எதுவும் கெடாது.

ஆனால் அவர் சொன்ன பேட்டரி வைத்தியம் வேண்டாம். பழைய வண்டிகளில் அது வேலை செய்தது உண்மைதான். இப்போது பல வண்டிகளில் இந்தக் குறிப்புகள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கின்றன. வயரைக் கழற்றினால் கடிகாரமும் ஜன்னல் கண்ணாடியின் அளவும்தான் போகும், இடி அப்படியே இருக்கும். தவிர, உங்கள் பிரச்சினையே நோட்டு அழிந்ததுதான். அதை இன்னொரு தடவை அழித்து என்ன லாபம்?

இரண்டு வாரம் இப்படி ஓட்டியும் இடி குறையவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், ஆனால் "ஜெர்க் அடிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். சூடாக இருக்கும்போதா, குளிரிலா, எந்த வேகத்தில், கால் எங்கே இருந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு கிளட்சுக்கும் கணினி போட்டிருக்கும் திருத்த மதிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிளட்ச் மட்டும் எல்லையை முட்டிக்கொண்டு நின்றால், அதைச் சாஃப்ட்வேரால் இனி சமாளிக்க முடியாது என்று பொருள்.

ஆயில் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் சொந்த வண்டிக்கே ஒரு பட்டறையில் கசிவு வேலை பார்த்த பிறகு இதே மாதிரி இடி வந்தது. மூன்று தடவை ரீசெட் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் நன்றாக ஓடும், பழையபடி ஆகிவிடும். கடைசியில் பார்த்தால் அரை லிட்டர் ஆயில் குறைவு. இந்த வகை கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வண்டி மட்டமாக நிற்க வேண்டும், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்க வேண்டும். 8எச்பிக்கு அது 30 முதல் 50 டிகிரி. அப்போது பக்கவாட்டு அடைப்பானைத் திறந்தால் ஆயில் நூல் போல வழிந்து நிற்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் பார்த்தால் ஆயில் விரிந்திருக்கும், அளவு சரி போலத் தோன்றும், உண்மையில் குறைவாக இருக்கும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று உங்கள் கையேட்டில் போட்டிருந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். 8எச்பி கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போனாலும் இதே 'டொக்' வரும். அதையும் ஒரு கண் பார்க்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் வேறு. கியர் மாறும் நடுவில் இன்ஜின் ரேஸ் ஆகி வண்டி இழுக்காமல் இருப்பது, ரிவர்ஸ் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்தே நகர்வது, எச்சரிக்கை விளக்கு எரிந்து ஒரே கியரில் மாட்டிக்கொள்வது, ஆயிலில் கருகல் வாடை. இதில் ஒன்று வந்தாலும் பாடம் படிக்கவைக்கும் ஓட்டம் எல்லாம் வேண்டாம், நேராக வண்டியைக் காட்டுங்கள்.

பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போடச் சொல்லலாமா? கேட்கலாம், அநேகமாகக் கிடைக்காது. சர்வீஸ் சென்டர்களின் கருவிகள் பொதுவாகப் புதிய பதிப்பை மட்டுமே ஏற்றும். அப்படியே கிடைத்தாலும் நோட்டு மறுபடி அழியும், இடி முதலிலிருந்து தொடங்கும். மூன்றாவது கியர் 50 வரை இழுப்பது பிடிக்கவில்லை என்றால், ஸ்டீயரிங் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடல் இருந்தால் 42-ல் நீங்களே நாலுக்கு ஏற்றிக்கொள்ளலாம். நானாக இருந்தால் ஒரு மாதம் விட்டுப் பார்ப்பேன். பழகிய பிறகு பிக்கப் இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

இனி அப்டேட்டே வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். சில அப்டேட்டுகள் ரீகாலின் பகுதி, பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. நான் சொல்வதெல்லாம், உங்களைக் கேட்காமல் போடக்கூடாது என்றுதான். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் அதை எழுதவையுங்கள். அவர்கள் போட வேண்டும் என்றால், எந்தப் புகாருக்காக என்று கேளுங்கள். போடும் நேரம் முழுக்க பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருப்பார்களா, போட்ட பிறகு பாடம் படிக்கவைக்கும் ஓட்டத்தை அவர்களே செய்து தருவார்களா என்றும் கேளுங்கள். கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரின் பதிப்பு எண் ஸ்கேனரில் தெரியும். இந்த முறை போகும்போது அதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் அந்த எண் மாறியிருந்தால், அவர்கள் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.