சொத்தைக் கத்தரிக்காயும் நான்காம் வகுப்பும்

வகுப்பறை மேடை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பறியும் விளையாட்டின் வழியாகப் பாடம் நடத்துவது குறித்துப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் (என் வயதுக்காரர்களுக்கு இவை மூன்றும் இன்னமும் வடாற்காடுதான்) கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இனிப்புப் பெட்டி ஒன்று காணாமற்போனதாகச் சொல்லி, துப்புச் சீட்டுகளை வகுப்பெங்கும் ஒளித்துவைத்து நான்காம் வகுப்புக்கு ஒரு விளையாட்டு நடத்தினேன். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். மறுநாள், "நேற்று என்ன படித்தோம்?" என்று கேட்டபோது, "மக்கன் பேடா சாப்பிட்டோம், டீச்சர்" என்றார்கள். நான் எங்கே தவறினேன்?
– ஆசிரியை, அணைக்கட்டு ஒன்றியம்

பதில்: பிள்ளைகள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆற்காட்டு மக்கன் பேடாவோடு போட்டியிட்டு எந்தப் பாடமும் வென்றதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் விளையாட்டில், பாடத்தில் ஒரு வரிகூடத் தெரியாத பிள்ளையும் பெட்டியைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. சீட்டு எந்த மூலையில் இருக்கிறது என்று ஓடித் தேடுகிற சுறுசுறுப்பு மட்டுமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்குக் கற்க வேண்டியதைக் கற்காமல் விடை கிடைக்கவே கூடாது என்கிற ஒரு நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் யோசித்துப் பாருங்கள். பாதி விளையாட்டுகள் தாமாகவே கழிந்துவிடும்.

எதையும் ஒளித்துவைக்காமலே இதைச் செய்யலாம். உங்களுக்குப் பக்கத்தில்தான் இலவம்பாடி இருக்கிறது. அதன் முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சந்தையில் கழித்துப் போட்ட கத்தரிக்காய்களை ஒரு பை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். பெரிய ஓட்டை விழுந்த காய் ஒன்றையும், பார்வைக்கு மாசு மருவற்ற காய்கள் ஏழெட்டையும் மேசைமேல் வைத்து, புழு எதற்குள் இருக்கிறது என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஓட்டைக் காயையே காட்டியது. அறுத்துப் பார்த்தால், குடைந்த வழியும் கறுத்த கழிவும் இருந்தனவே தவிர, புழு இல்லை. நல்ல காய்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு வந்தபோது, மூன்றாவது காயின் நடுவில் இளஞ்சிவப்பு நிறத்தில் கொழுத்த புழு ஒன்று நெளிந்தது. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு சிறுமி எழுந்து, "கதவே இல்லாத வீட்டுக்குள்ளே இது எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். அன்றைய பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கத்தை நான் எழுதியிருக்க முடியாது.

பிள்ளைகள் சொன்ன ஊகங்களை எல்லாம், சரி தவறு என்று எதுவும் சொல்லாமல், கரும்பலகையில் எழுதினேன்: உள்ளேயே பிறந்தது, பூவிலேயே புகுந்தது, ஓட்டை மூடிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் எதைப் பார்த்தால் நம்பலாம் என்று கேட்ட பிறகே உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். காம்புக்கு அருகில் குண்டூசி முனை அளவுக்கு ஆறிப்போன தழும்பு ஒன்றை ஒரு குழு கண்டுபிடித்தது. அதன் பிறகுதான் முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்ற படத்தைக் காட்டினேன். அந்துப்பூச்சி இரவில் செடியின்மேல் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழு நூலிழை போல இருக்கும்போதே காய்க்குள் புகுந்துவிடுகிறது. நுழைந்த துளை அதன் கழிவால் அடைபட்டு, காய் பருக்கப் பருக்கத் தழும்பாகிவிடுகிறது. நாம் காணும் பெரிய ஓட்டை, தின்று கொழுத்த புழு கூட்டுப்புழுவாவதற்காக வெளியேறிய வழி. ஓட்டைக் காய் காலியாக இருந்ததற்குக் காரணம் இதுவே என்பதை நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்த இரண்டு நிமிடத்தில் அவர்களே சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை ஒரு பையன், தன் வீட்டுக் கொல்லையில் கத்தரிச் செடியின் நுனித் தளிர் வாடித் தலை சாய்ந்திருப்பதாகச் சொல்லி, அதை ஒடித்தே கொண்டுவந்துவிட்டான். பிளந்து பார்த்தோம், உள்ளே அதே புழு இருந்தது.

எல்லா நல்ல காயிலும் புழு இருக்காது என்பதால் பை நிறையக் கொண்டுபோவது நல்லது. கத்தி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் அமர்ந்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும், சரளமாகப் படிக்கிறவரும் ஒரே குழுவில் இருந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளையே எல்லாத் துப்பையும் துலக்கிவிடுகிறது. என்ன செய்வது?
– ஆசிரியர், பேரணாம்பட்டு

பதில்: 2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (தேர்ந்த நிலை) என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பிரித்தே வைத்திருப்பீர்கள். அந்தப் பிரிவையே துப்புச் சீட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மறைந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு என்று வையுங்கள். மலர் நிலைப் பிள்ளையின் சீட்டில், "என் இரண்டு இலக்கங்களின் கூடுதல் 9" என்று இருக்கட்டும். மொட்டு நிலைச் சீட்டில், "நான் 40-ஐ விடப் பெரியவன், 60-ஐ விடச் சிறியவன்" என்று இருக்கட்டும். இரண்டையும் சேர்த்தால் 45, 54 என்ற இரண்டு எண்கள் மிஞ்சும். குழு அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். அரும்பு நிலைப் பிள்ளையிடம் இருக்கும் சீட்டில் "ஒற்றை" என்ற ஒரே சொல். அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டி அதைப் படித்து முடிக்கும்வரை, மலரும் மொட்டும் வாய் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு விதி முக்கியம்: சீட்டில் உள்ளதை வாயால் சொல்லலாம், சீட்டைக் கைமாற்றக் கூடாது. இது இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் எல்லாச் சீட்டும் ஒரே கைக்குப் போய்விடும்.

கேள்வி: "திருடனைக் கண்டுபிடி" என்ற விளையாட்டு பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வகுப்பிலேயே ஒருவரைத் திருடனாக நியமித்து நடத்தலாமா?
– பயிற்சி ஆசிரியர், ராணிப்பேட்டை

பதில்: கூடாது. நான் பட்ட பிறகு சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒரு கிராமத்துப் பள்ளியில், சாக்பீஸ் பெட்டி திருடுபோனதாக ஒரு கதை கட்டினேன். திருடன் யாரென்று நான் முடிவே செய்யவில்லை. துப்புகளை வைத்து ஊகிக்கட்டும் என்று நினைத்தேன். துப்புகளை ஒருவரும் பார்க்கவில்லை. வகுப்பு முழுவதும் ஒரே பையன் பக்கம் திரும்பியது. ஊர்க் கோடியில் இருந்து வருபவன், சட்டையில் பொத்தான் இல்லாதவன். அவன் சிரிக்க முயன்றான். மறுநாளும் அதற்கு மறுநாளும் பள்ளிக்கு வரவில்லை; நான் வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. பிறந்த குலத்தை வைத்தே மனிதர்களைக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய சட்டம் 1871-இல் பிறந்து, 1952-இல்தான் நாடு முழுவதும் ஒழிந்தது. அந்த முத்திரையைச் சுமந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் யாரைச் சந்தேகிக்கும் என்பது எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே சந்தேகத்துக்குரியவராக ஆளை வைக்காதீர்கள். அணிலை வையுங்கள், காக்கையை வையுங்கள், பேனாவை வையுங்கள். கறுப்பு ஸ்கெட்ச் பேனா மூன்று வெவ்வேறு கம்பெனியில் வாங்கி, அவற்றில் ஒன்றால் ஒரு சீட்டு எழுதி, எந்தப் பேனா எழுதியது என்று கேளுங்கள். சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் மையால் வளையம் போட்டு, தட்டில் சிறிதளவு தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைத்தால், தண்ணீர் ஏற ஏறக் கறுப்பு மை நீலம், ஊதா, மஞ்சள் என்று பிரியும். கம்பெனிக்குக் கம்பெனி அந்த வரிசை மாறும். சீட்டின் ஓரத்தில் அதே பேனாவால் ஒரு பொட்டு வைத்து, அந்த ஓரத்தை வெட்டித் தண்ணீரில் முனை படும்படி தொங்கவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்கலாம். தண்ணீர் மையைத் தொடாமல் கீழேயே இருக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனா மை தண்ணீரில் கரையாது என்பதால் அது உதவாது.

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. எதைச் சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்கிறாள். நேற்று, பல்லி விழுந்த பலனைப் பற்றிப் பேசிய என் மாமியாரிடமும் கேட்டுவிட்டாள். இதெல்லாம் படிப்பில் சேர்த்தியா?
– ஒரு தாய், காட்பாடி

பதில்: சேர்த்திதான், அம்மா. பாட்டியிடம் கேட்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அறிவியலுக்கும் கணக்கிற்கும் இது பொருந்தும். வரலாற்றுக்கு எப்படி? பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றால் அகழியைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்கிறார்கள்.
– ஆசிரியை, வேலூர் நகரம்

பதில்: கோட்டைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். நம் ஊரைப் பற்றிய பழைய கிண்டல் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தண்ணீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில், அரசனில்லாக் கோட்டை, மரமில்லா மலை. (இதற்கு மேலும் ஓரிரு வரி சேர்ப்பவர்கள் உண்டு, அவை வகுப்பறைக்கு ஆகா.) ஒரு குழுவுக்கு ஒரு வரி என்று கொடுத்து, இது உண்மையா, எப்போதாவது உண்மையாக இருந்ததா, யாரைக் கேட்டால் தெரியும் என்று அனுப்பிவிடுங்கள்.

கோயில் குழுவுக்குத் தாத்தா பாட்டிதான் சாட்சி. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் வழிபாடில்லாமல் இருந்து, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-இல் கொண்டுவந்து நிறுவப்பட்டது. வெறும் கருவறையைப் பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். இரண்டு பாட்டிகள் இரண்டு விதமாகச் சொன்னால் எதை ஏற்பது என்ற கேள்வி தானாக எழும். வரலாறு தொடங்குவது அந்த இடத்தில்தான். ஆற்றுக் குழு, 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை அப்பாவின் கைப்பேசியில் இருக்கும் படத்தோடு கொண்டுவரும். மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த காலத்தைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அறிவியல் வகுப்புக்கு ஆகும்.

கடினமானது கோட்டைக் குழுவின் வேலை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1815-இல் பிடிபட்டு, பிறகு இங்கே சிறைவைக்கப்பட்டு, 1832-இல் இறந்தார். அவர் நினைவிடமான முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுச்சி கொண்டபோது திப்பு சுல்தானின் பிள்ளைகளும் இக்கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். சிறையில் இருக்கும் அரசன் அரசன்தானா, அப்படியென்றால் அந்த வரி பொய்யா என்று குழுவே வாதாடி முடிவெடுக்கட்டும். நீங்கள் இடையில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்; இரண்டு அணியாகப் பிரிந்து நின்றாலும் குற்றமில்லை.

மலைக் குழுவுக்கு மட்டும் புத்தகமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். பள்ளி வாசலில் நின்று, எதிரே தெரியும் மலையில் பச்சையாக இருக்கும் இடத்தையும் பாறையாக இருக்கும் இடத்தையும் வரைந்துகொண்டு வரச் சொல்லுங்கள். சித்திரையில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை.