126 நோட்டீஸ் வந்தால் போலீஸ் கேஸ் ஆகுமா?

வீட்டு இணைப்பில் நாலு மாதமாகத் தையல் கடை நடத்தியதற்கு 126-ஆம் பிரிவில் நோட்டீஸ், கைது செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தில் 126 பணம் கட்டச் சொல்வதோடு சரி. சிறை வரை போவது மின் திருட்டுக்கான 135-ஆம் பிரிவு. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் வித்தியாசம். கொக்கி போடுவது, மீட்டரைத் திருத்துவது மாதிரி வேலைகள்தான் அந்த எண்ணத்தைக் காட்டும். 2011-இல் சீதாராம் ரைஸ் மில் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தது.

எனவே ஆய்வறிக்கையில் மீட்டர் சீல் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று உடனே பாருங்கள், எனக்கு அது ஒன்றுதான் கவலை. சீல் சரியென்றால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். தொடங்கிய தேதி தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. நாலு மாதம்தான் என்று காட்ட, தையல் மெஷின் வாங்கிய பில்லை மறக்காமல் இணையுங்கள். இறுதி உத்தரவுக்குப் பின் மேல்முறையீட்டுக்கு 30 நாள். பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும்.