பினாங்கு இரவும் பதினான்கு கடைப் பட்டியலும்

வணக்கம் அண்ணா,

போன மாதம் நண்பர்கள் நாலு பேர் கிள்ளானிலிருந்து காரில் பினாங்கு போனோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி, பாலத்துக்கு முன்னால் ஜூரு என்ற இடத்தில் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்று, தீவுக்குள் நுழையும்போது இரவு பதினொன்று. அலுப்பில் படுத்துவிட்டோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே எழுந்து, இணையத்தில் திரட்டிய பதினான்கு கடைப் பட்டியலோடு சுற்றினோம். சென்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸுக்கு வெயிலில் வரிசை. தேடிப்போன சார் குவேய் தியோ (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) கடை மூடியிருந்தது. இன்னொன்றில் முக்கால் மணி நேரம் நின்றோம். சோற்றில் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாருக்குப் பெயர்பெற்ற ஒரு கடையில் மதியம் நாலு தட்டுக்கு 142 வெள்ளி (ரிங்கிட்). இரவு மதுக்கூடங்கள் இருக்கிற அப்பர் பினாங்கு ரோடு பக்கம் போனோம். கோலாலம்பூரில், அதாவது கே.எல்.லில், சங்காட் புக்கிட் பிந்தாங் மதுக்கூடத் தெருவைப் பார்த்தவர்களுக்கு அது பாதிகூட இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிட்டோம். பினாங்கு இரவு, பினாங்கு இரவு என்று எழுதுகிறீர்களே, அது எங்கே இருக்கிறது?

க., கிள்ளான்

அன்புள்ள க.,

கடிதத்தோடு பட்டியலையும் அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். கடைகள் சரிதான்; நான் வழக்கமாகப் போகிற இரண்டுகூட அதில் இருக்கின்றன. ஆனால் எந்தக் கடைக்கு எதிரிலும் மணி எழுதவில்லை. பினாங்கில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் உள்ளூர்க்காரன் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பான். நீங்கள் விடிந்ததும் எழுந்து இரவுச் சாப்பாட்டைத் தேடியிருக்கிறீர்கள். அது வெளியே வருகிற நேரத்தில் படுக்கப் போயிருக்கிறீர்கள்.

என் அப்பா தீவுப் பக்கத் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். வீடு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். இரவு வேலை என்றால் கடைசி ஃபெர்ரியைப் பிடித்து நள்ளிரவு தாண்டி வருவார். கையில் ஒரு பொட்டலம், உள்ளே வாழை இலை, வெளியே செய்தித்தாள். எங்கள் மூன்று பேரையும் எழுப்பி உட்காரவைத்து அம்மா ஆளுக்கு இரண்டு உருண்டை பிடித்துக் கொடுப்பார். குழம்பு இலையைத் தாண்டித் தாளில் ஊறி, அச்செழுத்து சில நேரம் இலையின் முதுகில் பதிந்திருக்கும். பாதித் தூக்கத்தில் தின்ற அந்தச் சோறுதான் எனக்கு நாசி கண்டார். மதியம் ஒரு மணிக்கு, ஏசி போட்ட கடையில், வயிற்றில் ஏற்கெனவே சென்டோல் இருக்கும்போது அதைத் தின்றால் எனக்கும் சுமாராகத்தான் இருக்கிறது.

இதில் பழைய நினைவின் மயக்கம் கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணமும் உண்டு. ‘கண்டார்’ என்றால் மலாயில் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. நம் காவடிதான். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தண்டின் ஒரு முனையில் சோற்றுக் கூடையையும் மறுமுனையில் கறிப் பாத்திரங்களையும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலிகளைத் தேடிப்போய் விற்ற சாப்பாடு அது. கூலிக்காரனுக்கு எப்போது வேலை ஓய்கிறதோ அப்போதுதான் பசி. கேம்பல் தெருவில் இருக்கிற ஹமீதியா கடை 1907இலிருந்து நடக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி, ஆட்கள் வரிசையில் நின்று வாங்குகிற கடை இரவு பத்துக்கு மேல் திறந்தே பெயர் வாங்கியது.

அப்புறம் 1969இல் பினாங்கின் சுங்க வரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. இரவுக் கூலி மெல்லக் குறைந்தது. கடைகளும் விளக்கை அணைத்திருக்க வேண்டும். ஆனால் 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது, இன்டெல் போன்ற மின்னியல் தொழிற்சாலைகள் வந்தன. மூட்டை தூக்கியவன் போய் ஷிப்ட் வேலைக்காரன் வந்தான். இந்த ஊரின் இரவுக் கடைகள் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

சரி, உங்கள் 142 வெள்ளிக்கு வருகிறேன். என்ன வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னால் சொல்ல முடியும். ஆளுக்கொரு பெரிய இறால், அல்லது சொத்தோங் தெலோர், அதாவது முட்டை நிறைந்த கணவாய். இரண்டில் ஒன்றைக் கை காட்டியிருப்பீர்கள், விலை கேட்டிருக்க மாட்டீர்கள். அங்கே எல்லாம் கண்ணளவுதான். பரிமாறுகிறவர் இடது கையில் தட்டை ஏந்தி, கரண்டியின் முதுகால் சோற்றின் நடுவே ஒரு குழி அழுத்துவார். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, குருமா, கறுத்த மசாலா என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார், எதையும் அளக்க மாட்டார். வெள்ளமாக வேண்டுமென்றால் ‘பஞ்சிர்’ என்று ஒரு சொல் போதும். கடைசியில் கல்லாக்காரர் தட்டை ஒரு நொடி பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். கோழியும் வெண்டைக்காயும் என்றால் பத்துப் பதினைந்து வெள்ளியில் முடியும். கடலிலிருந்து வந்த எதையும் தொடுவதற்கு முன், “பாய், இது எவ்வளவு?” என்று தமிழிலேயே கேளுங்கள். பல கடைகளில் தமிழிலேயே பதில் வரும். உங்களில் யாராவது மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள் என்றால் அதையும் குழம்பு ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கலந்த பிறகு பிரிக்க முடியாது.

சார் குவேய் தியோவுக்கு முக்கால் மணி நேரம் நின்றதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைமேல் மரியாதைதான் கூடியது. நல்ல கை ஒரு வாணலியில் ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டுதான் போடும். அதற்கு மேல் போட்டால் வாணலி சூடு இறங்கி, குவேய் தியோ வறுபடாமல் வேகத் தொடங்கிவிடும். அந்தக் கருகல் மணம் வராது. ஆறு தட்டை ஒன்றாகப் புரட்டுகிற கடையில் வரிசையே இருக்காது, போய்ப் பாருங்கள். ஆனால் அதைப் பகல் வெயிலில் நின்று வாங்காதீர்கள். ராத்திரி சூலியா தெருவில் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். நாலு பேரும் ஒரே வண்டியில் நிற்காமல், ஆளுக்கு ஒரு திசையில் போய்ச் சொல்லிவிட்டு, ஒரே மேசையில் உட்காருங்கள். சொன்னது ஒவ்வொன்றாக வந்து சேரும். பேச்சும் அதற்குள் சூடு பிடித்திருக்கும்.

பகலுக்கு உரியதும் இருக்கிறது. பசியாற ரொட்டி சானாய் அல்லது அப்பம், மதியம் அசாம் லக்சா, அதாவது புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ். லக்சாவை இரவுக்கு ஒத்திப்போடாதீர்கள், நல்ல சட்டி அதற்குள் காலியாகிவிடும். அதற்குப் பிறகு அறைக்குப் போய் ஆறு மணி வரை தூங்குங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்து தூங்குவதா என்று கேட்பீர்கள். ஆமாம், தூங்கத்தான். நீங்கள் வந்தது ராத்திரி வேலைக்கு.

சங்காட் ஒப்பீட்டில் உங்கள் பக்கம்தான் நியாயம். உரத்த இசையும் ஆட்டமும்தான் வேண்டுமென்றால் கே.எல்.லிலேயே இருங்கள், பெட்ரோல் மிச்சம். இங்கே லவ் லேனில் பழைய கடைவீட்டு வாசலில் யாராவது கிதார் வைத்துக்கொண்டு பாடுவார்கள், காக்கி லீமாவில், அதாவது கடை முன் நடைபாதையில், நாற்காலி போட்டு நாலு பேர் பீர் குடிப்பார்கள். அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: குடித்தால் சாவியைத் தொடாதீர்கள். 2020இல் சட்டம் மாறியது. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை 50 ஆகக் குறைத்தார்கள். முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறையும் உண்டு. ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் கார் எப்படியும் சுமைதான். அதை ஓட்டலில் விட்டுவிட்டு நடங்கள்.

வழியைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கிலிருந்து வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஜூருவுக்கு வரவே கூடாது. அதற்கு முன்பே பத்து காவானில் பிரிந்து 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தில் ஏறுங்கள். 24 கிலோமீட்டர், நெரிசல் குறைவு. 1985இல் திறந்த பழைய பாலம் பகலில் பார்க்க அழகு, அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். தீவுக்குள் வரத்தான் டோல், வெளியேறக் காசில்லை. ஃபெர்ரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார்சைக்கிளும் மட்டும்தான். அப்பா வந்த வழி என்பதால் நான் இன்றும் பட்டர்வொர்த்தில் காரை விட்டுவிட்டு அதில்தான் போகிறேன். உங்களுக்குப் பெட்டி படுக்கை இருக்கும், பாலமே சௌகரியம்.

அடுத்த முறை வருவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் பள்ளிவாசல் பக்கத்து வரிசையில் நிற்கிறேன். சோறு என் கணக்கு. சொத்தோங் தெலோர் வேண்டுமென்றால் அது உங்கள் கணக்கு.