தீவன லாரி வரும்போது யார் பொறுப்பு எது?

கேள்வி: பல்லடம் அருகே ஒப்பந்த முறையில் 5,000 கறிக்கோழிகள் வளர்க்கிறேன். நிறுவனத்தின் தீவன லாரி பெரும்பாலும் இரவில், சொல்லாமல் வருகிறது. ஓட்டுநர் மூட்டை இறக்கக் கை கொடுப்பதில்லை. கிழிந்த, நனைந்த மூட்டைகளைக் காட்டினால் தனக்குத் தெரியாது என்கிறார். ஒவ்வொரு முறையும் வாக்குவாதமாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இறக்குகூலி யாருடையது என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுவதால், லாரி வந்து நின்றபின் அதைப் பேசாமல், குஞ்சு இறக்குவதற்கு முன்பே நிறுவனத்தின் சூப்பர்வைசரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூலி உங்களுடையது என்றால் ஆள் பிடிப்பதும் உங்கள் வேலைதான். ஓட்டுநரை மூட்டை சுமக்கச் சொல்வதே சரியன்று என்பது என் கருத்து. தூக்கம் கெட்டு ஓட்டி வந்தவர் என்பதோடு, அவர் ஒரே நாளில் பல பண்ணைகளில் கால் வைப்பவர். கோழிகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் கம்போரோ நோயின் வைரஸ் எச்சத்திலும் கொட்டகை மண்ணிலும் பல வாரங்கள் வீரியம் குறையாமல் இருக்கக்கூடியது. அது செருப்பிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகும். ஆகவே வாயிலிலேயே சக்கரங்களுக்குக் கிருமிநாசினி தெளித்து வண்டியை உள்ளே விடுங்கள். ஓட்டுநர் வண்டியின் அருகிலேயே நிற்கட்டும், கோழிகள் இருக்கும் இடத்துக்குள் வர வேண்டாம். காரணத்தை முதல் நாளே பக்குவமாகச் சொல்லி, கைகால் கழுவத் தண்ணீரும் குடிக்க ஒரு தேநீரும் கொடுத்துவிட்டால் அவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அவரிடம் நீங்கள் உறுதியாகக் கேட்க வேண்டியவை வேறு. புறப்படும்போது அல்லது முந்தைய பண்ணையில் இறக்கி முடித்ததும் ஒரு போன் செய்ய வேண்டும். தார்ப்பாயை உங்கள் கண் முன்னால் அவிழ்க்க வேண்டும். எண்ணி முடியும்வரை இருந்து, குறைந்த, கிழிந்த, நனைந்த மூட்டைகளைச் சலானின் (சரக்கோடு வரும் ரசீதின்) இரண்டு பிரதிகளிலும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நனைந்ததற்கு அவர் காரணமாக இல்லாமலிருக்கலாம். ஆனால் அது நனைந்தே வந்தது என்பதற்கு அவரைத் தவிர உங்களுக்குச் சாட்சி கிடையாது. ஓட்டுநரைப் பகைத்துக்கொள்ளும் பண்ணையாளர் அந்தக் கையெழுத்தைத்தான் இழக்கிறார்.

இதில் பணம் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 5,000 கோழிகள் சராசரி 2 கிலோ எடைக்கு வந்தால் மொத்தம் 10,000 கிலோ. 50 கிலோ மூட்டைகள் இரண்டு குறைந்து வந்து, சலானில் முழுக்கணக்கு ஏறிவிட்டால், கோழிகள் தின்னாத 100 கிலோ தீவனம் உங்கள் கணக்கில் சேர்ந்து, தீவன மாற்றுத்திறன், அதாவது ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் செலவானது என்ற கணக்கு, 0.01 மோசமாகத் தெரியும். நான்கைந்து லோடுகளில் இப்படி நடந்தால் அந்தக் கணக்கைப் பார்த்து நிறுவனம் தரும் வளர்ப்புக்கூலி குறைவதற்கு அதுவே போதும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், சந்தேகப்படும் நான்கைந்து மூட்டைகளைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நனைந்த மூட்டையைத் தனியே வைத்து, படம் எடுத்து, அன்றே சூப்பர்வைசருக்கு அனுப்புங்கள். கோழித்தீவனத்தில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் பூஞ்சணம் பிடித்து, அஃப்லாடாக்சின் நஞ்சு உண்டாக வழி பிறக்கும். வெயிலில் உலர்த்தினால் ஈரம் போகும், உண்டான நஞ்சு போகாது. ஆகவே கட்டிபிடித்த தீவனத்தை நல்ல தீவனத்தோடு கலந்து தீர்த்துவிட நினைக்காதீர்கள்.

இரவு வருகையைக் குறைக்க உங்கள் பக்கமும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. கடைசி வாரத்தில் உங்கள் கோழிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டன், அதாவது 20 மூட்டை தின்னும். இருப்பு தீரும் நாளில் கேட்டால் லாரி எந்நேரமும்தான் வரும். நான்கு நாள் தீவனம் வைக்கும் அளவுக்கு அறை இருந்து, மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிட்டால் பகலில் அனுப்பும்படி கேட்க உங்களுக்கு இடமுண்டு. அறையில் மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள்.

லாரி நிற்கும் இடத்துக்கு மேலே கொட்டகைக்குப் போகும் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா என்று இன்றே பாருங்கள். தார்ப்பாய் அவிழ்க்க மூட்டைகளின் மேல் ஏறுபவரின் தலைக்கு அது எட்டும் உயரமாக இருந்தால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து உயர்த்தும்வரை லாரியை வேறு இடத்தில் நிறுத்துங்கள். இரவில் பின்னோக்கி எடுக்கும்போது விளக்குப் போட்டு, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் ஒருவர் நின்று வழி சொல்லட்டும். குழந்தைகளை அப்போது வெளியே விட வேண்டாம்.

பேட்ச் முடிந்து மீதத் தீவனத்தைத் திருப்பி எடுக்க வரும் லாரிக்கும் இதே முறைதான்: எண்ணிக்கை, எடை, சலானில் கையெழுத்து. வேறு பண்ணையில் மிஞ்சிய, வாய் பிரித்துத் தைத்த மூட்டைகள் உங்களுக்கு வந்தால், அந்தப் பண்ணையில் நோய் இருந்ததா என்று சூப்பர்வைசரிடம் கேட்டறியும்வரை அவற்றை இறக்க வேண்டாம்.