ஷெனோன்சோ கோட்டை யாருடையது?

வணக்கம் நண்பரே. பிரான்சில் உள்ள ஷெனோன்சோ கோட்டையை ஒரு வழிகாட்டி டயான் கட்டியது என்கிறார், இன்னொருவர் ராணி கத்தரீன் கட்டியது என்கிறார், எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் அப்படியே எழுதிவிடாதீர்கள்.

1513-இல் இடத்தை வாங்கியவர் அரசுக் கருவூல அதிகாரி தோமா போயே. பழைய கோட்டையை இடித்து, ஒரு கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார். அவர் போர்முனையில் இருக்க, கட்டட வேலையைக் கவனித்தவர் மனைவி கத்ரின் பிரிசொன்னே. அந்த அம்மாவின் பெயரை யாரும் சொல்வதில்லை, தயவுசெய்து நீங்கள் சேருங்கள்.

தந்தை வைத்த கடனுக்காக 1535-இல் மகன் அதை மன்னருக்குக் கொடுத்தார். 1547-இல் மன்னர் இரண்டாம் ஹென்றி தன் காதலி டயானுக்கு அளித்தார். அரசுச் சொத்தைத் தானமாகப் பெற்றது நிலைக்காது என்று டயானுக்குத் தெரியும். சட்டப்படி போராடி 1555-இல் தன் பெயருக்கு உரிமையாக்கிக்கொண்டார். அப்படியும் 1559-இல் ஹென்றி இறந்ததும் அவருடைய மனைவி ராணி கத்தரீன் விடவில்லை. ஷோமோன் கோட்டையைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டார். ஷேர் ஆற்றின் மேல் நிற்கும் பாலம் டயானுடையது, அதன் மேல் கருப்பு வெள்ளைத் தளம் போட்ட 60 மீட்டர் நீளக் கூடம் கத்தரீனுடையது. குழப்பமே இங்கேதான்.

பிறகு பல கை மாறி, 1913-இல் சாக்லேட் தயாரித்த மெனியே குடும்பத்திடம் வந்தது. இன்றும் அது அரசுடைமை அல்ல, தனியார் சொத்துதான்.