ஆன்டலோப் கேன்யனுக்கு ஒரு நாள் பயணம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அரிசோனாவின் வடக்கு ஓரத்தில், யூட்டா எல்லையை ஒட்டி, பேஜ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் ஆன்டலோப் கேன்யன். செம்மணற்கல் பாறையைத் தண்ணீரே அறுத்து உண்டாக்கிய இடுக்குப் பள்ளத்தாக்கு அது. மேல் கேன்யன், கீழ் கேன்யன் என்று இரண்டு தனித்தனிப் பகுதிகள், இரண்டுக்கும் தனித்தனிப் பயணம். நான் பீனிக்ஸ் நகரத்தில் வசிக்கிறேன். ஊரிலிருந்து அம்மா, மாமியார், சித்தி, தம்பி குடும்பம் என்று யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. இதுவரை ஒன்பது முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை லாஸ் வேகஸிலிருந்து புறப்படும் சிறு குழு வேனில் போனேன். கோடை விடுமுறைக்குத் திட்டமிடும் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். இயன்றவரை பதில் சொல்கிறேன்.

நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர், எல்லோரும் மலையேறிப் பழகியவர்கள். வழிகாட்டி இல்லாமல் நாங்களாகவே உள்ளே போக முடியாதா அக்கா? (சான் ஹோசே)

முடியாது தம்பி. அது அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நிலம். 1997 முதல் நவஹோ பழங்குடிப் பூங்காவாக இருக்கிறது. அவர்களிடம் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதில் விலக்குக் கிடையாது.

சட்டத்தை விடப் பெரிய காரணமும் உண்டு. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டலோப் கேன்யனுக்குள் திடீர் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை எதுவும் இல்லை. பல மைல் தள்ளி மேட்டு நிலத்தில் கொட்டிய மழை அது. குற்றாலத்தில் குளிக்கத் தடை போடும்போது அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான் இங்கேயும். ஆனால் இங்கே ஒதுங்கி நிற்கக் கரை கிடையாது. சில இடங்களில் இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும்.

போன முறை எங்களோடு வந்த நவஹோ பெண் ஓரிடத்தில் நின்று, எதுவும் பேசாமல் கைவிளக்கை மேல்நோக்கி அடித்தார். எங்கள் தலைக்கு வெகு உயரத்தில், இரண்டு பாறைகளுக்கும் குறுக்கே, பட்டை உரிந்து வெளுத்துப்போன ஒரு மரக்கட்டை சிக்கியிருந்தது. "வெள்ளம் விட்டுப்போனது" என்று மட்டும் சொன்னார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என் தம்பி மகன் அந்தக் கட்டையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

போன ஜூலையில் போனோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஆனாலும் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். இது நியாயமா? (ஆஸ்டின்)

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. விமானம் ஏறி வந்து வாசலோடு திரும்புவது கொடுமைதான். ஆனால் அந்த முடிவு சரியானது என்றே நான் உறுதியாகச் சொல்வேன். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். காலையில் வெயில் கொளுத்தும், மாலைக்குள் எங்கோ ஒரு மூலையில் இடி இடித்துக் கொட்டித் தீர்க்கும். வழிகாட்டிகள் பார்ப்பது உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை அல்ல, தண்ணீர் வந்து சேரும் மேட்டு நிலத்தின் வானத்தை.

அந்த மாதங்களில் போவதென்றால் காலை நேரத்து டிக்கெட் எடுங்கள். ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகஸ் வேன்காரர்களிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: கேன்யன் மூடப்பட்டால் அதற்குப் பதிலாக எங்கே அழைத்துப் போவார்கள்? நல்ல நிறுவனமாக இருந்தால் தயங்காமல் பதில் சொல்லும்.

அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. மேல் கேன்யனா, கீழ் கேன்யனா? (டல்லாஸ்)

சந்தேகமே வேண்டாம், மேல் கேன்யன்.

கீழ் கேன்யனில் தரைமட்டத்திலிருந்து பூமிக்குள் இறங்க வேண்டும். செங்குத்தான இரும்புப் படிகள், சில இடங்களில் ஏணி என்றே சொல்லலாம். நடக்கும் தரையும் குறுகலானது, ஒரு காலுக்கு முன்னால் மறு காலை வைத்துப் போகும் அளவுக்கு இடுக்கு. நீளமும் அதிகம், ஏறக்குறைய 400 மீட்டர். மேல் கேன்யன் அதில் பாதி நீளம்தான். வாசல் தரைமட்டத்திலேயே இருக்கிறது, உள்ளே மணல் தரை. வண்டியில் வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள்.

ஆனால் பலர் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. இப்போது மேல் கேன்யனில் ஒருவழிப் பாதைதான். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, பாறையைச் சுற்றிச் சரிவும் படிகளுமாக நடந்து திரும்ப வேண்டும். என் மாமியார் உள்ளே உற்சாகமாக நடந்துவிட்டு, இந்தத் திரும்பும் வழியில்தான் சிரமப்பட்டார். கைப்பிடி இருக்கிறது. அவசரப்படுத்தாமல் கூடவே நடங்கள். வாசல் வரையிலான மணல் பாதையில் வண்டி நன்றாகக் குலுங்கும், அதனால் முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

"சிறு குழு, பத்துப் பேர் மட்டும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். உள்ளேயும் பத்துப் பேர்தானா? (சியாட்டில்)

மிக நல்ல கேள்வி. பணம் கட்டும் முன் எல்லோரும் கேட்க வேண்டியது இதைத்தான். சிறு குழு என்பது வேனுக்குத்தான் பொருந்தும். லாஸ் வேகஸிலிருந்து ஓட்டி வரும் வழிகாட்டி கேன்யனுக்குள் வழிகாட்ட முடியாது. வாசலில் உங்களை நவஹோ வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிடுவார். அங்கே வேறு வேன்களில் வந்தவர்களோடும் சேர்ந்து நடக்க நேரலாம்.

அப்படியானால் சிறு குழுவுக்கு ஏன் கூடுதல் பணம்? வழிப்பயணத்துக்காக. ஐம்பது பேர் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழிப்பறை வரிசையிலேயே அரை மணி நேரம் போய்விடும். பத்துப் பேர் வேனில் ஓட்டுநருக்கு உங்கள் அம்மாவின் முகம் தெரியும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டு நிறுத்துவார். வயதானவர்களோடு போனால் அந்தக் கூடுதல் பணம் வீண்போகாது.

லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் போய் வருவது சரிப்படுமா? (சிகாகோ)

போய் வரலாம், ஆனால் நாள் முழுவதும் சாலையில்தான் கழியும் என்பதை ஒப்புக்கொண்டு கிளம்புங்கள். ஒரு வழிக்கு 440 கிலோமீட்டருக்கு மேல், நான்கரை மணி நேரம். விடியும் முன்பே ஹோட்டல் வாசலில் வேன் வந்து நிற்கும், திரும்பும்போது இரவாகிவிடும். கேன்யனுக்குள் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்.

கார் ஓட்ட ஆள் இருந்தால் பேஜ் நகரிலோ ஒன்றேகால் மணி நேரத் தொலைவிலுள்ள கேனப் ஊரிலோ ஓர் இரவு தங்குங்கள் என்பதுதான் என் யோசனை. இரண்டு நாள் மட்டுமே கையில் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்றால் வேன் பயணம் நல்ல வழிதான். வழியெல்லாம் பார்க்க வேண்டியது: நெவாடா தாண்டியதும் விர்ஜின் ஆறு அறுத்த மலையிடுக்கு வழியாகச் சாலை போகும். அங்கே தூங்கிவிடாதீர்கள்.

கூடவே ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்துக்கும் அழைத்துப் போவார்கள். கொலராடோ ஆறு லாடம் போல வளைந்து ஓடுவதை 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கலாம். போக வர 2.4 கிலோமீட்டர் நடை, வழியில் நிழல் மிகக் குறைவு. தடுப்புக் கம்பி விளிம்பின் ஒரு பகுதியில் மட்டுமே இருக்கிறது. குழந்தைகளின் கையை விடவே வேண்டாம்.

அதே நாளில் கிராண்ட் கேன்யனையும் சேர்க்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

நேரக் குழப்பம் என்கிறார்களே, அது என்ன? (ஃப்ரீமாண்ட்)

நானே அகப்பட்ட குழப்பம் இது. அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. யூட்டாவில் மாற்றுவார்கள். நவஹோ நிலத்திலும் மாற்றுவார்கள். ஆனால் பேஜ் நகரமும் ஆன்டலோப் கேன்யன் பயணங்களும் அரிசோனா நேரப்படிதான் நடக்கின்றன. ஒரு ஜூன் மாதம் 11 மணி டிக்கெட்டோடு போய்க்கொண்டிருந்தோம். கைபேசி திடீரென்று 11:10 என்று காட்டியது. பதறிப்போய், ஹார்ஸ்ஷூ பெண்டை விட்டுவிட்டு ஓடினோம். வாசலில் விசாரித்தால் மணி 10:10. கைபேசி யூட்டா நேரத்துக்கு மாறியிருந்தது. மாமியார் அந்த ஆற்று வளைவைப் பார்க்காமலே ஊர் திரும்பினார், அது இன்னும் எனக்கு மனக்குறைதான்.

கோடையில் லாஸ் வேகஸ் நேரமும் பேஜ் நேரமும் ஒன்றே. குளிர்காலத்தில் பேஜ் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கைபேசியில் தானாக நேரம் மாறுவதை நிறுத்தி, பீனிக்ஸ் நேரத்தை வைத்துவிடுங்கள்.

படங்களில் வரும் ஒளிக்கற்றை எப்போது விழும்? (அட்லாண்டா)

மேல் கேன்யனில், மார்ச் பிற்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டி. அந்தப் பாறைகள் மேலே ஒடுங்கி அடியில் அகலமாக இருப்பதால் உச்சி வெயில் ஒரு கம்பி போல உள்ளே இறங்குகிறது. கீழ் கேன்யன் இதற்கு நேர்மாறு, மேலே திறந்து அடியில் ஒடுங்கியது. அங்கே ஒளிக்கற்றை அரிது, ஆனால் நாள் முழுவதும் நல்ல வெளிச்சம். நண்பகல் டிக்கெட்டுக்கு விலையும் கூட்டமும் அதிகம், மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

ஒளிக்கற்றையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எனக்குப் பிடித்தது காலை ஒன்பது மணி. வெயில் நேரடியாக விழாமல் சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்து இறங்கும்போது, ஒரே பாறை மேலே மஞ்சளாகவும் நடுவில் செம்மையாகவும் அடியில் கத்தரிப்பூ நிறமாகவும் இருக்கும். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், அது எல்லா நிறத்தையும் கொன்றுவிடும். திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். கேமரா முக்காலிக்கும் செல்ஃபி குச்சிக்கும் அனுமதி இல்லை.

சாப்பாடு, கழிப்பறை? நாங்கள் முட்டையும் சாப்பிடாத சைவம். (ஹூஸ்டன்)

கேன்யனுக்குள் கழிப்பறை கிடையாது, நுழையும் இடத்தில் போய்விட்டு வாருங்கள். பையும் கொண்டுபோக முடியாது, கைப்பைகூட வேனில் விட வேண்டியதுதான். தண்ணீர் பாட்டில், கைபேசி, மாத்திரை மூன்றையும் கையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வேனில் மதிய உணவு தந்தால், "சைவம்" என்று மட்டும் சொல்லாமல் முட்டையும் கூடாது என்று பதிவிலேயே எழுதுங்கள். நான் புளிசாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போய்விடுவேன். கோடையில் அங்கே 38 டிகிரியைத் தாண்டும், வேனில் வைத்த தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும்.

எனக்கு 10 வயது. ஆன்டலோப் என்றால் மான் மாதிரி ஒரு விலங்கு என்று அப்பா சொன்னார். அங்கே அதைப் பார்க்கலாமா? (நியூ ஜெர்சி)

கேன்யனுக்குள் பார்க்க முடியாது கண்ணா. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் கூட்டம் கூட்டமாக மேய்ந்த கொம்பு விலங்குகளால் வந்த பெயர் அது. ஆனால் உள்ளே போனதும் சுவரில் இருக்கும் வரிகளைப் பார். காற்று வாரிக் குவித்த மணல் மேடுகள்தான் அவை, சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் நடமாடிய காலத்து மணல். விரலால் தேய்க்காதே, உதிர்ந்துவிடும். இன்னொன்று. நவஹோ மக்கள் மேல் கேன்யனுக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. "பாறைகளுக்குள் தண்ணீர் ஓடும் இடம்" என்று அதற்குப் பொருள். வழிகாட்டியிடம் அந்தப் பெயரை அவர்கள் மொழியில் சொல்லச் சொல். மெதுவாகச் சொல்வார், நீயும் கூடவே சொல்லிப் பார்.